பாந்த்ரா குன்றின்மேல் ஒரு சத்திரம்



பிழைப்பை நாடி மும்பை மாநகருக்கு வந்து சேருகிறவர்களை, முன்னரே வந்து குடியேறிய உறவினர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்தபின் ஊர் சுற்றிக் காட்ட அழைத்துச் செல்வது வழக்கம். இந்தியாவின் நுழைவாயில், மெரின் டிரைவ், ஜுஹு கடற்கரை என்று அந்தப் பட்டியல் நீளும். இம்மாதம் உங்களை அந்தப் பட்டியலில் இல்லாத ஒரு வழியில் அழைத்துச் செல்ல விரும்புகிறேன். பரேலில் தொடங்கி, பாந்த்ராவின் குன்றேறி, தாராவியின் சந்து ஒன்றில் முடிகிற வழி அது. சுகமாகும் நம்பிக்கை மனிதரளவில் முடிந்துபோன வியாதியஸ்தரின் அருகில் அமர்ந்திருக்கும் ஊழியத்துக்கு உங்களில் சிலர் முன்வரவேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்வூழியத்தை இன்று ‘ஹாஸ்பைஸ்’ தன்னார்வத் தொண்டு என்கிறார்கள்.

பரேல் நடைபாதை

பரேலில் உள்ள டாட்டா நினைவு மருத்துவமனையை அறியாத மும்பைத் தமிழர் இருக்கமாட்டார்கள். சர் தோராப்ஜி டாட்டாவின் துணைவியார் மெஹர்பாய் அம்மையார் 1931ஆம் ஆண்டு இரத்தப் புற்றுநோயால் மரித்தார். அந்தத் துயரத்தின் பின்விளைவாக 1941ஆம் ஆண்டு எழுந்த மருத்துவமனை இது. 1962ஆம் ஆண்டு முதல் மத்திய அரசின் அணுசக்தித் துறையின் கீழ் இயங்கிவருகிறது. பீகார், வங்காளம், ஒடிசா, அசாம் எனத் தேசத்தின் பல மாநிலங்களிலிருந்தும் மக்கள் தங்கள் மருத்துவக் கோப்புகளை நெஞ்சோடு அணைத்தபடி இங்கே வந்திறங்குகிறார்கள்.

அம்மருத்துவமனையின் வாசலுக்குள் நுழையுமுன், அதை ஒட்டிய நடைபாதைகளைச் சற்றே நின்று பாருங்கள். தங்க இடமில்லாத குடும்பங்கள் பாய் விரித்து, துணிமூட்டைகளைத் தலையணையாக்கி, அடுத்த பரிசோதனை நாளுக்காகக் காத்திருக்கின்றன. தாதரில் கட்கே மகராஜ் பெயரால் நடைபெறும் தர்மசாலை போன்ற இடங்கள் பலருக்குக் குறைந்த செலவில் தங்குமிடம் தருகின்றன. ஆயினும் வருகிறவர் அனைவருக்கும் இடம் போதுவதில்லை.

இங்கே வருகிற எல்லாருக்கும் ஒரே பதில் கிடைப்பதில்லை. அறுவைச் சிகிச்சையாலும் மருந்தாலும் கதிரியக்கத்தாலும் நலம்பெற்று ஊர் திரும்புகிறவர்கள் ஏராளம். அதற்காகத் தேவனைத் துதிக்கிறோம். ஆனால் நோய் மிகவும் முற்றிய நிலையில் வந்தவர்களிடம், நோயை வேரறுக்க இனி வழியில்லை என்று மருத்துவர் மெதுவாகச் சொல்லவேண்டிய நேரமும் வருகிறது. அந்தச் சொல்லைக் கேட்டு வெளியே வருகிறவர் எங்கே போவார்? பத்துக்குப் பத்து அடி வாடகை அறையில் ஆறு பேர் வசிக்கும் குடும்பத்துக்கு, வாய்ப்புண்ணும் துர்நாற்றமும் இடைவிடாத வலியும் உள்ள ஒருவரை எப்படிப் பராமரிப்பது என்று யார் கற்றுக்கொடுப்பார்கள்? நம் பயணம் இந்தக் கேள்வியோடு பரேலைவிட்டுப் புறப்படுகிறது.

குன்றின்மேல் உள்ள இல்லம்

பிரபாதேவி நிலையத்தில் மேற்கு இரயில்பாதையின் மெதுவண்டியில் ஏறினால், பாந்த்ரா நான்காவது நிலையம். மாஹிமைக் கடந்தவுடன் கழிமுகத்தின்மேல் வண்டி செல்லும். கிழக்கே தாராவியின் கூரைகள் தெரியும். பாந்த்ராவின் மேற்குப் புறம் இறங்கி, ஹில் ரோடு வழியாகக் கடலை நோக்கிச் சென்றால் மவுண்ட் மேரி குன்று வரும். ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 8ஆம் தேதியை அடுத்த வாரத்தில் இக்குன்றில் பெருந்திரளான மக்கள் கூடும் திருவிழா நடைபெறுகிறது. ஆலயத்தின் வெளியே மெழுகினால் செய்த கைகளும் கால்களும் சிறு வீடுகளும் விற்பனைக்கு இருக்கும். எந்த உறுப்பில் நோயோ, அந்த உறுப்பின் மெழுகு வடிவத்தைக் காணிக்கையாகச் செலுத்துவது இங்குள்ள வழக்கம். நம்முடைய போதனை வேறு என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆயினும் அந்த மெழுகுக் கைகளைப் பார்க்கும் எவரும், நம் சபைகளின் உபவாசக் கூட்டங்களில் நாம் கேட்கும் அதே பெருமூச்சை இங்கேயும் கேட்காமல் இருக்கமுடியாது. சரீரம் சுகமாகவேண்டும் என்னும் ஏக்கம் எல்லாருக்கும் பொதுவானது.

இதே மவுண்ட் மேரி சாலையில்தான் ‘சாந்தி அவேத்னா சதன்’ இருக்கிறது. 1986ஆம் ஆண்டு, புற்றுநோய் அறுவை மருத்துவரான டாக்டர் லூயிஸ் ஜோஸ் டி சூசா அவர்களால் தொடங்கப்பட்ட இவ்வில்லமே இந்தியாவின் முதல் ஹாஸ்பைஸ் என்று கருதப்படுகிறது. பின்னாளில் இதன் கிளைகள் கோவாவிலும் டெல்லியிலும் ஏற்பட்டன. முற்றிய நிலையில் உள்ள புற்றுநோயாளிகளைச் சாதி, மதம், மொழி பாராமல் கட்டணமின்றி ஏற்றுப் பராமரிக்கிறார்கள்.

அந்தப் பெயரைக் கவனியுங்கள். நாம் ‘வேதனை’ என்று சொல்வதையே இந்தியிலும் மராத்தியிலும் ‘வேத்னா’ என்கிறார்கள். வேதனை இல்லாமை ‘அவேத்னா’. ‘சதன்’ என்பது இல்லம். சமாதானமும் வேதனையின்மையும் உள்ள வீடு என்று நாம் பொருள் கொள்ளலாம். மரணமில்லாத வீடு என்று அது தன்னை அழைத்துக்கொள்ளவில்லை. மரிக்கிறவர் வேதனையில் மரிக்கவேண்டியதில்லை என்பதே அதன் வாக்குறுதி. நோயை அகற்ற முடியாதபோதும் வலி, மூச்சுத்திணறல், வாந்தி, புண், பயம் ஆகியவற்றைத் தணிக்க மருத்துவத்தில் வழி உண்டு. அதற்கென்றே மருந்தறிந்த மருத்துவரும், புண் கழுவித் துணைநிற்கும் செவிலியரும், குடும்பத்தைத் தேற்றும் ஊழியரும் இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கிறார்கள்.

பரதேசி தந்த பணம்

‘ஹாஸ்பைஸ்’ என்னும் சொல்லுக்கு மூலமான இலத்தீன் சொல் விருந்தோம்பலையும் வழிப்போக்கர் தங்கும் இடத்தையும் குறித்தது. இடைக்கால ஐரோப்பாவில் புனிதப் பயணிகள் தங்கி இளைப்பாறிய விடுதிகளுக்கு இப்பெயர் வழங்கிற்று. அப்படியானால் நம் மொழியில் அதற்குப் பொருத்தமான பெயர் ‘சத்திரம்’ என்பதே. லூக்கா 10ஆம் அதிகாரத்தில், குற்றுயிராய்க் கிடந்தவனுடைய காயங்களைக் கட்டிய சமாரியன், அவனைத் தன் வாகனத்தில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்த இடமும் சத்திரம்தான்.

நவீன ஹாஸ்பைஸ் இயக்கத்தின் தாய் என்று போற்றப்படுபவர் இங்கிலாந்தின் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் (1918–2005). அவர் முதலில் செவிலியர். பின்பு மருத்துவமனைச் சமூகப் பணியாளர். கிறிஸ்துவின்மேல் ஆழ்ந்த விசுவாசம் உள்ளவர். அவர் பணியாற்றிய காலத்தில், போலந்து நாட்டின் வார்சாவிலிருந்து இலண்டனுக்கு வந்து உணவு பரிமாறிப் பிழைத்த டேவிட் தாஸ்மா என்னும் யூதர், புற்றுநோயால் மருத்துவமனையில் கிடந்தார். அவருக்கு அந்நகரில் குடும்பம் இல்லை. சாண்டர்ஸ் அவரை அடிக்கடி சென்று பார்த்து, மரிக்கிறவர்களுக்கென்று ஒரு நல்ல இல்லம் அமையவேண்டியதன் அவசியத்தைப் பற்றிப் பேசுவார். 1948ஆம் ஆண்டு தாஸ்மா மரித்தபோது, அப்படி அமையப்போகும் இல்லத்தில் தான் ஒரு ஜன்னலாக இருக்கும்படி 500 பவுண்டு பணத்தை அவரிடம் விட்டுச்சென்றார். அதன்பின் சாண்டர்ஸ், ஏழைகளுக்கான ஒரு மரணப்படுக்கை இல்லத்தில் மாலை வேளைகளில் தன்னார்வலராகப் பணிசெய்து, மருந்தை வலி வருமுன் முறையாகக் கொடுத்தால் வலி அடங்கும் என்பதைக் கண்ணாரக் கண்டார். முப்பது வயதுக்குமேல் மருத்துவம் படித்தார். 1967ஆம் ஆண்டு இலண்டனில் புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பைஸ் திறக்கப்பட்டது. பயணிகளின் பாதுகாவலர் என்று கருதப்படுபவரின் பெயர் அது.

பிரியமானவர்களே, இதை நாம் சிந்திக்கவேண்டும். உலகெங்கும் பரவிய இவ்வியக்கத்தின் முதல் காணிக்கை, நம்மைப்போல் பிழைப்புக்காகச் சொந்த ஊரைவிட்டு வந்த ஒரு மனிதனின் கையிலிருந்து வந்தது. அதன் அடித்தளம், அவனருகில் உட்கார்ந்து பேசிய ஒரு பெண்ணின் பொறுமை.

தாராவியில் ஒரு வீடு

பாந்த்ராவிலிருந்து கழிமுகத்தைத் தாண்டினால் தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் தொழிலுக்கு வந்த நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் இடம். அங்கே தோல் பை தைக்கும் சகோதரர் ஒருவருக்குத் தாடையில் புற்றுநோய் வந்தது. பெயர் வேண்டாம், அவருடைய மனைவியும் பிள்ளைகளும் இப்பத்திரிகையை வாசிக்கிறவர்கள். பாக்கு, புகையிலைப் பழக்கத்தை அவர் இரட்சிக்கப்பட்ட நாளிலேயே விட்டிருந்தார். என்றாலும் நோய் வந்து, எலும்புவரை பரவிவிட்டது. ஒரு தணிப்புச் சிகிச்சை இல்லத்தில் இரண்டு வாரம் இருந்து, வலி அடங்கியபின் வீடு திரும்பினார். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மார்பின் மாத்திரை கொடுக்கும்படி அவருடைய மனைவிக்குக் கற்றுக்கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

சில நாட்களில் வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் அவர்கள் வீட்டுக்கு வந்து ஜெபித்துவிட்டு, போதை மருந்தைக் கொடுப்பது அவிசுவாசம் என்று சொல்லிப்போனார். அந்தச் சகோதரி நடுங்கி, மாத்திரைகளை அரிசி டப்பாவுக்குள் மறைத்துவைத்தார். மூன்று இரவுகள் அந்தச் சந்தில் ஒருவரும் உறங்கவில்லை.

நான்காம் நாள் காலை, எங்கள் சபையின் விசுவாசி ஒருவர் அந்த வீட்டுக்குச் சென்றார். அவர் ஹாஸ்பைஸ் தன்னார்வலராகப் பயிற்சி பெற்றவர். வீட்டில் துணி தைத்துப் பிழைக்கிறவர். அவர் வேதவசனத்தால் வாதாடவில்லை, அந்த மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, நீங்க ராத்திரி எல்லாம் முழிச்சிருக்கீங்க. என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க” என்றார். சிறிது நேரத்தில் எல்லாம் வெளியே வந்தது. உடனே செவிலியருக்குத் தொலைபேசி செய்தார்; பிறகு எனக்கும் சொல்லி அனுப்பினார்.

செவிலியர் வந்து இந்தியில், “கித்னா தர்த் ஹை?” என்று கேட்டார். சகோதரர் “பஹுத்” என்றார். இருபது ஆண்டு மும்பையில் வாழ்ந்தும், வலியைச் சொல்ல அவரிடம் இருந்த இந்திச் சொல் அந்த ஒன்றுதான். தன்னார்வச் சகோதரி அவரிடம் தமிழில் கேட்டார்: “அண்ணே, கடுக்குதா, காந்துதா, குத்துதா, இல்லை சுள்ளுனு இழுக்குதா?” அவர் கண்ணைத் திறந்து, “தாடை கடுக்குது, காதுப்பக்கம் தீயா காந்துது, கரண்டு அடிச்ச மாதிரி சுள்ளுனு இழுக்குது” என்றார். அதை அப்படியே மொழிபெயர்த்துச் சொன்னபோது செவிலியர் குறித்துக்கொண்டார். எலும்பு கடுக்கும் வலி ஒன்று. நரம்பு காந்தி இழுக்கும் வலி வேறு. இரண்டாவதற்கு மார்பினோடு வேறொரு மருந்தும் தேவைப்படும். மருத்துவர் அதையும் எழுதிக்கொடுத்தார். இரண்டொரு நாளில் அவர் உறங்கினார்.

வலி தணிந்தபின் ஒருவனால் பேச முடிகிறது. “யாரையாவது பார்க்கணுமா அண்ணே?” என்று தன்னார்வலர் கேட்டபோது, ஊரில் இருக்கும் தாயாரைப் பார்க்கவேண்டும் என்றார். அந்தக் கேள்வி நேரத்தோடு கேட்கப்பட்டதால், ஏறத்தாழ ஒன்றரை நாள் இரயில் பயணம் செய்து அந்த மூதாட்டி வந்து சேர்ந்தார். “ஏ ராசா, வலிக்காப்பா?” என்று தாய் கேட்க, “இப்ப வலி இல்லம்மா” என்று மகன் சொன்னதை நான் அருகிலிருந்து கேட்டேன். ஒன்பது நாள் தாயின் மடியருகே இருந்து, அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

சுகமளிக்கும் தேவனை மறுதலிக்கிறோமா?

“பாஸ்டர், தெய்வீக சுகத்தைப் பிரசங்கிக்கிற நாமே, சாகப்போகிறவர்களின் வீட்டுக்கு விசுவாசிகளை அனுப்பலாமா?” என்று எங்கள் சபையின் மூப்பர் ஒருவர் கேட்டார். நேர்மையான கேள்வி, உங்களில் பலருடைய மனதிலும் அது இருக்கும். அதற்கு வேதத்திலிருந்தே விடை தேடுவோம்.

நம் தேவன் சுகமளிக்கிறவர். வியாதியஸ்தருக்காக எண்ணெய் பூசி ஜெபிப்பதை நாம் நிறுத்தவில்லை, நிறுத்தப்போவதும் இல்லை. ஆனால் மரித்த பிள்ளையை உயிரோடெழுப்பிய எலிசா, தானே வியாதிப்பட்டு மரித்தார் என்று 2 இராஜாக்கள் 13ஆம் அதிகாரம் மறைக்காமல் எழுதுகிறது. பவுல் துரோப்பீமுவை வியாதியுள்ளவனாக மிலேத்துவில் விட்டுவந்ததை 2 தீமோத்தேயு 4ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். இவர்களில் யாரையும் வேதம் அவிசுவாசிகள் என்று சொல்லவில்லை. லாசருவை எழுப்பப்போவதை அறிந்திருந்தும் நம் ஆண்டவர் கல்லறையருகே கண்ணீர் விட்டார். சுகத்துக்காக ஜெபிப்பதும், சுகமாகாதவரோடு அழுதுகொண்டு இருப்பதும் ஒரே ஆண்டவரிடம் நாம் கற்ற இரண்டு காரியங்கள்.

வலிமருந்தைப் பற்றியும் சொல்லவேண்டும். சிலுவையில் கொடுக்கப்பட்ட வெள்ளைப்போளங் கலந்த திராட்சரசத்தை இயேசு ஏற்கவில்லையே என்பார்கள். அது மனுக்குலத்தின் பாவத்துக்காக அவர் ஒருவரே பருகவேண்டியிருந்த பாத்திரம். பிறருடைய வலியைக் கண்ட இடத்தில் எல்லாம் அவர் அதை நீக்கினார். சகித்துக்கொள் என்று ஒரு நோயாளிக்கும் கட்டளையிடவில்லை. நீதிமொழிகள் 31ஆம் அதிகாரமோ, மடிந்துபோகிறவனுக்கும் மனம் கசந்தவனுக்கும் வலிமறக்கும் பானத்தைக் கொடுக்கச் சொல்கிறது. சமாரியனும் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்த பிறகே சத்திரத்துக்குப் புறப்பட்டான்.

மருத்துவ உண்மையையும் அறிந்துகொள்ளுங்கள். உலக சுகாதார அமைப்பு 1986ஆம் ஆண்டு புற்றுநோய் வலிக்கு மூன்று படிகளைக் கொண்ட மருந்துமுறையை வெளியிட்டது. அதன் மூன்றாம் படியில் இருப்பது மார்பின். அபினிச் செடியிலிருந்து வருகிற இம்மருந்துக்கான மூலப்பொருள் மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய நம் மாநிலங்களிலேயே அரசின் உரிமத்தோடு விளைகிறது. ஆயினும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கடுமையால் மருத்துவமனைகள் அதை வைத்திருக்கவே அஞ்சின. 2014ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் அந்த நடைமுறையை எளிதாக்கியது. என்றாலும் இன்னும் எல்லா இடங்களிலும் கிடைப்பதில்லை. மருத்துவரின் மேற்பார்வையில், வலியின் அளவுக்கேற்பக் கொடுக்கப்படும்போது, அது நோயாளியைப் போதைக்கு அடிமையாக்கும் என்ற பயத்துக்கும் ஆயுளைக் குறைக்கும் என்ற பயத்துக்கும் இடமில்லை. மலச்சிக்கல் வரும்; அதற்கும் சேர்த்தே மருந்து தருவார்கள்.

தன்னார்வலர் செய்வது என்ன?

கேரளத்தைப் பாருங்கள். 1993ஆம் ஆண்டு கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். இராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலானோர் தொடங்கிய தணிப்புச் சிகிச்சைச் சங்கம், பின்னர் ஊர் மக்களையே பயிற்றுவிக்கும் இயக்கமாக வளர்ந்தது. கடைக்காரரும் ஆசிரியரும் ஆட்டோ ஓட்டுநரும் இல்லத்தரசிகளும் வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கி, தங்கள் தெருவில் படுக்கையில் கிடப்பவர்களைச் சந்திக்கிறார்கள். 2008ஆம் ஆண்டு கேரள அரசு இதற்கென்றே ஒரு கொள்கையை வகுத்தது. மருத்துவம் படித்தவர் மட்டுமே செய்யக்கூடிய பணி இது என்ற எண்ணத்தை அவ்வியக்கம் மாற்றிற்று.

தன்னார்வலராக விரும்புகிறவர் ஓர் இல்லத்தையோ வீட்டுப் பராமரிப்புக் குழுவையோ அணுகி, அவர்கள் நடத்தும் பயிற்சியில் சேரவேண்டும். வகுப்புகள் இருக்கும், அனுபவமுள்ளவருடன் சில சந்திப்புகளுக்குச் செல்லவேண்டியிருக்கும். அதன்பின் கிடைக்கும் வேலை பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும். வறண்ட உதட்டை ஈரத்துணியால் நனைப்பது, தலையணையைச் சரிசெய்வது, செய்தித்தாள் வாசிப்பது, மருத்துவமனைப் படிவத்தை நிரப்புவது, இரவெல்லாம் விழித்திருந்த மனைவி இரண்டு மணி நேரம் உறங்கும்படி அவருடைய இடத்தில் உட்கார்ந்திருப்பது ஆகியவையே அவை.

யோபுவின் சிநேகிதர் மூவரும் ஏழு நாள் ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏழு நாளும் அவர்கள் நல்ல தன்னார்வலர்கள். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியபோதுதான் தவறினார்கள். எனவே, இந்த நோய் ஏன் வந்தது என்று விளக்க முற்படாதீர்கள். மருந்தை நிறுத்தச் சொல்லாதீர்கள். உணவைப் பலவந்தமாய் ஊட்டாதீர்கள். இறுதி நாட்களில் சரீரம் உணவைக் கேட்பதில்லை, விழுங்கமுடியாதவருக்குப் புரையேறினால் ஆபத்து. படம் எடுக்காதீர்கள். ஒரு வீட்டில் கண்டதையும் கேட்டதையும் ஜெபவிண்ணப்பம் என்ற பெயரிலும் வெளியே சொல்லாதீர்கள்.

ஜெபத்தைக் குறித்து ஒரு வார்த்தை. நாம் உரத்த சத்தமாய் ஜெபித்துப் பழகியவர்கள். ஆனால் பல நோயாளிகள் உள்ள அறையில் அந்நியபாஷையில் சத்தமிடுவது அன்பாகாது. சபையில் ஒழுங்கும் கிரமமும் வேண்டும் என்று கொரிந்தியருக்கு எழுதிய பவுலின் ஆலோசனை அங்கேயும் பொருந்தும். நோயாளி கேட்டால், அவருடைய காதருகே மெல்ல ஜெபியுங்கள். வேறு மதத்தவராயின், அவருடைய பலவீனத்தைச் சந்தர்ப்பமாக்கிப் பிரசங்கம் செய்யவே கூடாது. அந்தக் கட்டிலருகே நீங்கள் கொடுக்கும் ஒரு தம்ளர் தண்ணீர் கிறிஸ்துவுக்கே கொடுக்கப்படுகிறது என்று மத்தேயு 25ஆம் அதிகாரம் நமக்குப் போதிக்கிறதே; அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

“அவருக்கு எதுவும் சொல்லிடாதீங்க” என்று குடும்பத்தார் உங்களைக் கேட்டுக்கொள்வார்கள். உண்மையைப் போட்டு உடைப்பது தன்னார்வலரின் வேலையன்று. பொய் சொல்வதும் அன்று. நோயாளியே கேட்டால், “உங்களுக்கு என்ன தோணுது?” என்று திருப்பிக் கேட்டு, அவர் சொல்வதைப் பொறுமையாய்க் கேளுங்கள். பின்பு அதை மருத்துவரிடமும் செவிலியரிடமும் சொல்லுங்கள். அதற்குரிய வேளையையும் வார்த்தையையும் அவர்கள் அறிவார்கள்.

நமக்கென்று ஓர் அழைப்பு

வேறு மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு இவ்வூழியத்தில் தனிப்பட்ட பங்கு உண்டு. அந்நிய மொழியில் வேலை செய்யலாம், வியாபாரம் செய்யலாம். வலியில் கூப்பிடுவது தாய்மொழியில்தான். மும்பையிலோ டெல்லியிலோ ஒரு தமிழர் படுக்கையில் கிடக்கும்போது, ‘கடுக்குது’ என்பதற்கும் ‘காந்துது’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை மருத்துவருக்கு எடுத்துச் சொல்ல ஒருவர் தேவை. இந்தியும் மராத்தியும் கன்னடமும் பேசத் தெரிந்த நம் வாலிபர் எத்தனை பேர் சபைகளில் இருக்கிறார்கள்!

எகிப்தில் மரித்த யாக்கோபு, தன்னைக் கானானில் அடக்கம்பண்ணும்படி குமாரரிடம் ஆணை வாங்கிக்கொண்டான். யோசேப்பும் தன் எலும்புகளைக்குறித்துக் கட்டளையிட்டான். இருவரும் தங்கள் மரணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார்கள். அதனால் அவர்கள் விருப்பம் நிறைவேறிற்று. நம் வீடுகளிலும் ஊருக்குப் போகவேண்டும், தாயைப் பார்க்கவேண்டும், தம்பியோடு ஒப்புரவாகவேண்டும் என்ற ஆசைகள் உண்டு. கேட்பார் இல்லாமல் அவை மனதோடு புதைந்துபோகின்றன.

நீங்கள் இருக்கும் நகரத்தில் விசாரித்துப் பாருங்கள். டெல்லியில் 1996ஆம் ஆண்டு தொடங்கிய கேன்சப்போர்ட் அமைப்பு நோயாளிகளின் வீடுகளுக்கே சென்று பராமரிக்கிறது. பெங்களூரில் கருணாஷ்ரயா, புனேயில் சிப்ளா தணிப்புச் சிகிச்சை மையம், கொல்கத்தா காளிகாட்டில் அன்னை தெரேசா 1952ஆம் ஆண்டு தொடங்கிய நிர்மல் ஹிருதய் ஆகியவையும் உண்டு. ஒவ்வோர் இல்லத்துக்கும் தன்னார்வலரைக் குறித்துத் தனித்தனி விதிகள் இருக்கும். கேட்டறிந்து, அவற்றுக்குக் கீழ்ப்படியுங்கள். உங்கள் வல்லமைக்கு மிஞ்சி நேரம் வாக்களிக்காதீர்கள். வாரத்தில் ஒரு பிற்பகல் போதும், ஆனால் அந்தப் பிற்பகல் தவறாதிருக்கட்டும். உங்களை எதிர்பார்த்திருப்பவருக்கு அடுத்த வாரம் நிச்சயமில்லை. ஒருவர் மரித்தபின், அந்த வீட்டுக்கு ஒரு மாதம் கழித்தும் செல்லுங்கள். அப்பொழுது மற்றவர்கள் வருவதை நிறுத்தியிருப்பார்கள்.

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை, உலக ஹாஸ்பைஸ் மற்றும் தணிப்புச் சிகிச்சை தினமாக அனுசரிக்கப்படுகிறது. அதையடுத்த ஞாயிறு ஆராதனையில், படுக்கையில் கிடக்கும் நம் சபையாருக்காகவும் அவர்களைப் பராமரிக்கிறவர்களுக்காகவும் ஜெபிக்கும்படி போதகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அதற்குமுன், சபைக்கு இரண்டு பேரைத் தெரிந்தெடுத்துப் பயிற்சிக்கு அனுப்புங்கள். கேள்வி எழுப்பிய எங்கள் மூப்பர் இப்போது செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு வீட்டுக்குச் செல்கிறார். அந்த வீட்டில் இருப்பவருக்குக் கிரிக்கெட் பிடிக்குமாம். இருவரும் பேசுவது பெரும்பாலும் அதைப் பற்றியே என்றார்.

தம்முடைய கடைசி மணி வேளையில் தாயைத் தம் சீஷனிடம் ஒப்புவித்த ஆண்டவர், மரிக்கிற ஒவ்வொருவரையும் யாரோ ஒருவருடைய பொறுப்பில் ஒப்புவிக்கிறார். அந்த யாரோ ஒருவராக இருக்க உங்களுக்குக் கிருபை அளிப்பாராக. ஆமென்.